ஒன்றாம் எண் இயக்குநருக்கே

கொடைக்கானலில் மழைக்குப் பஞ்சமில்லை. மண் சரிவுக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஓர் அலுவலகம் இல்லையே என்கிற குறை மட்டும் இருந்தது. அதைத் தீர்க்க வந்ததுதான் பழனிமலைச் சரிவு முன்னறிவிப்பு இயக்ககம். மலை எங்கே எப்போது இடியும் என்பதை முன்கூட்டியே கண்டு ஜனங்களுக்குச் சொல்வது அதன் கடமை என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. பலகையைத் தாங்கிய சுவரில் விரிசல் விட்டு இரண்டு வருடமாகிறது. அது கட்டடக்காரர்கள் பார்க்க வேண்டிய சோலி என்று இயக்ககம் விட்டுவிட்டது.

அங்கே இருபத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அதாவது, வந்தார்கள். இருபத்திரண்டாவது ஆள் சுதாராணி. கணினியும் மழைமானியும் தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்பதால் அவளை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். ஒப்பந்தக்காரி என்பதால் அவள் பெயர் வருகைப் பதிவேட்டில் இல்லை. இருப்புப் பதிவேட்டில், நாற்காலிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் கீழே இருந்தது. கொடைக்கானல் குளிருக்கு மின்விசிறி எதற்கு என்று கேட்கக் கூடாது. வாங்கியாயிற்று.

செண்பகனூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, காலையில் டவுன் பஸ் பிடித்து வருவாள். சொந்த ஊர் தாண்டிக்குடிக்குக் கீழே மூங்கில்பள்ளம் லயம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் ஏழு, காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டு, வரிசையாய்க் கட்டிய ஏழு ஒற்றை அறைகளில், அவர்கள் பேச்சில் காம்பராக்களில், குடியிருந்தன. நாலாவது காம்பரா சுதாராணியின் அம்மா கந்தம்மாளுடையது. பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஓர் ஆள் திரும்புகிற இடம்தான். சுதாராணி இந்த வேலைக்கு வந்ததே அந்தச் சரிவுக்காகத்தான். மூங்கில்பள்ளத்துக்கு மேலே மழைமானி ஒன்று வையுங்கள் என்று கெஞ்சி, கூத்தாடி, வைக்கவும் வைத்துவிட்டாள்.

வேலை இவ்வளவுதான்: மலையில் பத்து மழைமானிகள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றும் பெய்த மழையின் அளவை ரேடியோ வழியாக அலுவலகத்து சர்வருக்கு அனுப்பும். அளவு மீறினால் சர்வர் அந்த ஊரில் உள்ள அபாயச் சங்கை ஊதும். சங்கு ஊதினால் ஜனங்கள் எழுந்து ஓட வேண்டும். சர்வருக்கு இரண்டு வலை அட்டைகள். ஒன்று அலுவலகத்துப் பக்கம் பார்த்தது, இன்னொன்று மலையைப் பார்த்தது. மலையைப் பார்த்த அட்டைதான் உருப்படியான காரியத்துக்கு.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. முதலில் வாங்கிய நான்கு மழைமானிகளை விற்ற கம்பெனி, அவை எந்த ஐ.பி. முகவரிக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்பதை உள்ளேயே மாற்ற முடியாதபடி பதித்துவிட்டு, கடையை மூடிக்கொண்டு போய்விட்டது. பின்னால் வாங்கிய ஆறும் வேறு முகவரிக்கு அனுப்பின. சுதாராணி அதற்கு வழி கண்டாள். மலைப்பக்கத்து அட்டைக்கு இரண்டாவதாக ஒரு முகவரியையும் சேர்த்துக் கொடுத்தாள். ரேஷன் கார்டில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் உள்ள ஆளை எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற மாதிரி, அந்த அட்டையும் இரண்டு முகவரிக்கும் பதில் சொன்னது. அந்தத் துறையில் இதை ஏலியாஸ் என்பார்கள். ஒரே ஒரு வரிக் கட்டளை. பத்து மழைமானிகளும் பேசின. மூங்கில்பள்ளத்து மானி பழைய நான்கில் ஒன்று.

பிறகு அவளே லயத்துக்குப் போய் ஒத்திகை நடத்தினாள். “யாரு என்ன சொன்னாலும் கேக்காதீங்க. நானே போன் பண்ணுனாலும் நம்பாதீங்க. சங்கு ஊதுனா மட்டும் போட்டது போட்டபடி பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போயிரணும். வெளங்குதா?” என்றாள். லயத்துக்காரர்கள் வதந்திக்கு ஓடி ஓடி அலுத்தவர்கள். அது அவர்களுக்குப் பிடித்திருந்தது. சங்கு ஊதினால் ஓடுவது, ஊதாவிட்டால் இருப்பது என்று ஒரே மனதாய் முடிவு கட்டினார்கள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக இருக்கிற அலுவலகத்துக்குப் புது இயக்குநர் வராமல் இருப்பாரா? வந்தார். ஞானவேல் என்று பெயர். முந்தைய பணி மீன்வளம்.

வந்த மூன்றாம் நாள் சுதாராணியைக் கூப்பிட்டனுப்பினார். திரையைக் காட்டி, “இது என்னம்மா நம்பர்?” என்றார்.

“உங்க கம்ப்யூட்டரோட ஐ.பி. முகவரிங்க சார்.”

“கடைசியில முப்பத்தேழுன்னு இருக்கு. பன்னெண்டு யாருக்கு?”

“சிவபாக்கியம் மேடத்துக்குங்க சார்.”

இயக்குநரின் முகம் ஆய்வு செய்யப்படாத குட்டையைப் போலக் கலங்கியது. கண்காணிப்பாளர் சிவபாக்கியத்துக்கும் அவருக்கும் இடையே இருபத்தைந்து எண்கள். அதுவும் தப்பான திசையில். “நாலு பேரு கேட்டா என்ன நினைப்பாங்க?” என்றார். எந்த நாலு பேர் இதைப் போய்க் கேட்கப் போகிறார்கள் என்று சுதாராணிக்கு விளங்கவில்லை.

மறுநாளே முகவரி முன்னுரிமைக் குழு அமைக்கப்பட்டது. அது ஆறு தடவை கூடிற்று. மலையில் எந்த ஊர் முதலில் இடியும் என்று பேசுவதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு தடவைகூட யாரும் கூடியதில்லை. முடிவில் சுற்றறிக்கை வந்தது: ஒன்றாம் எண் இயக்குநருக்கு. இரண்டு இணை இயக்குநருக்கு. மூன்று கண்காணிப்பாளருக்கு. இப்படியே இறங்கி, ஓட்டுநருக்குப் பின் தோட்டக்காரருக்கு, அவருக்கும் பின் சர்வருக்கு.

“சார், ஒண்ணாம் நம்பர் வெளிய போற வழியா இருக்கிற ரவுட்டருக்குக் குடுத்துருக்குங்க. அதை நீங்க எடுத்தா ஆபீஸ் பூராவும் வெளிய போக முடியாது” என்றாள் சுதாராணி.

“ரவுட்டர் எந்த கிரேடு?”

“அது பெட்டிங்க சார்.”

“பெட்டிக்கு ஒண்ணு, எனக்கு முப்பத்தேழா? ஏம்மா, இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் எனக்கு. அந்தப் பெட்டிக்கு என்ன சர்வீஸ்?”

“நாலு வருஷங்க சார். ஆனா ஒரு நாள்கூட லீவு போடல” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதற்கு ஒரு மெமோ வந்தது.

இயக்குநர் ஒன்றாம் எண்ணில் பதவியேற்றார். ரவுட்டரும் அதே எண்ணில் உட்கார்ந்திருந்ததால் அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் வெளியே போவதற்குப் பதில் இயக்குநரிடம் போய் முட்டிக்கொண்டு நின்றன. அன்று பிற்பகல் அலுவலகமே முடங்கியது. ஒருவரும் கவலைப்படவில்லை, நல்ல வெயில், ஏரியைச் சுற்றி வந்தார்கள். சுதாராணி உட்கார்ந்து ரவுட்டரை இருநூறாம் எண்ணுக்கு மாற்றி, ஒவ்வொரு கணினிக்கும் போய்ப் புது வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். இதற்கு மெமோ வரவில்லை. பாராட்டும் வரவில்லை.

அதே சுற்றறிக்கையின் அடியில் இன்னொரு வரி இருந்தது. இனி எந்த ஊரிலும் சங்கு ஊதுமுன் இயக்குநரின் ஒப்புதல் பெற வேண்டும். அந்த ஒப்புதல் ஒன்றாம் எண் முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே சர்வர் ஏற்க வேண்டும். அதற்கான நிரலையும் சுதாராணியே எழுத வேண்டியதாயிற்று. தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிப்பது என்பார்களே, அது.

“சங்குங்கிறது சாதாரண விஷயம் இல்லம்மா” என்று இயக்குநர் விளக்கினார். “ஊதியாச்சு, மலை இடியலன்னு வை. ஊதினவன் பதில் சொல்லணும். ஊதல, மலை இடிஞ்சிருச்சுன்னு வை. அது இயற்கைச் சீற்றம். இயற்கைக்கு மெமோ குடுக்க முடியுமா? இப்ப யோசிச்சுப் பாரு, எது பாதுகாப்பு?”

யாருக்குப் பாதுகாப்பு என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

இது ஆறுவதற்குள் சப்நெட் மாஸ்க் வந்து சேர்ந்தது. பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள், யாரோடு நேராகப் பேசலாம் என்று ஒவ்வொரு கணினிக்கும் சொல்கிற எண் அது. 255.255.255.0 என்று எழுதியிருந்ததை இயக்குநர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“மூணு எடத்துல முழுசா இருநூத்தி அம்பத்தஞ்சு வாங்கியிருக்கோம். நாலாவதுல ஏன் முட்டை?”

“முட்டை இல்லீங்க சார். அந்த எடத்துல பூஜ்யம் இருந்தாத்தான் நம்ம ஆபீஸ் மெஷின் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கிறது தெரியும்.”

“நான் இருக்கிற ஆபீஸ்ல பூஜ்யமா? மேலிடத்துல இருந்து வந்து பாத்தா என்ன எழுதுவாங்க? நாலுலயும் முழுசா போடு.”

போட்டாள். நான்கிலும் முழுசாகப் போட்டால் ஒவ்வொரு கணினிக்கும் உலகத்தில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லை என்று ஆகிவிடும். அப்படியே ஆயிற்று. அடுத்த மேசைக்கு ஒரு காகிதம் அச்சுக்குப் போகவில்லை, அடுத்த அறைக்கு ஒரு கோப்பு நகரவில்லை. பதினோரு நாள் இப்படியே போயிற்று, பதினோரு நாளும் அலுவலகத்தில் ஒருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. பன்னிரண்டாம் நாள் இயக்குநரின் சுற்றுலா விடுப்பு விண்ணப்பம் சென்னைக்குப் போகாமல் நின்றது. உடனே, “பூஜ்யம் ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக அனுமதிக்கப்படுகிறது” என்று உத்தரவு வந்தது.

சுதாராணி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். மலைப்பக்கத்து அட்டையை இன்னும் யாரும் தொடவில்லை. பத்து மானிகளும் பேசிக்கொண்டிருந்தன. அது போதும் என்று இருந்தாள். புரட்டாசியில் தணிக்கைக்காரர்கள் வந்தார்கள்.

அவர்கள் மழைமானியையும் பார்க்கவில்லை, சங்கையும் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒரு ஆட்சேபணை எழுதினார்கள்: ‘சர்வரின் இரண்டாம் அட்டை ஒரே சமயத்தில் இரண்டு முகவரிகளில் குடியிருப்பதாகத் தெரிகிறது. எந்த அரசாணையின்படி?’

சிவபாக்கியம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு சுதாராணியின் மேசைக்கே வந்தார். முப்பத்தோரு வருடக் கோப்பு அவர் விரல் நுனியில் மையாக ஒட்டியிருந்தது. “ஏம்மா சுதா, ஒரு ஊழியருக்கு ரெண்டு குவார்ட்டர்ஸ் குடுக்க விதி இருக்கா?”

“இல்லீங்க மேடம்.”

“ஒரு மனுசனுக்கே இல்லாதத ஒரு அட்டைக்கு நீ குடுத்துருக்க. எடுத்துரு.”

“எடுத்தா நாலு மழைமானி ஊமையாயிருங்க மேடம். தாண்டிக்குடிப் பக்கம் நாலும் போயிரும். அதுக்குக் கீழ ஆளுக குடியிருக்காங்க.”

“அதை ஒரு குறிப்பா எழுதி வை. முறைப்படி சுத்துக்கு விடுவோம். அதுவரைக்கும் எடுத்துரு.”

அவள் எடுக்கவில்லை. மறுநாள் காலை வந்து பார்த்தபோது, தணிக்கைக் குழுவோடு வந்திருந்த யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். சர்வரின் கடவுச்சொல் மாற்றப்பட்டு, உறையில் போட்டு, அரக்கு வைத்து, பீரோவில் இருந்தது. திரையில் நான்கு மானிகளும் 0.0 என்று காட்டின. தகவல் வராத மானியைப் பச்சையில் காட்ட வேண்டும் என்று முன்பே ஒரு குழு முடிவு செய்திருந்தது. சிவப்பில் காட்டினால் பார்க்க வருகிறவர்கள் பயப்படுவார்களாம்.

இயக்குநர் அந்தப் பச்சையைப் பார்த்துப் பூரித்துப் போனார். “இந்த நாலும் எப்பப் பாத்தாலும் செவப்பு காட்டிக்கிட்டே கெடந்துச்சு. இப்பப் பாரு. நிர்வாகம்னா இதான்.”

சுதாராணி குறிப்பு எழுதினாள். குறிப்பு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது. பயனடையப்போவது மழைமானி என்பதால் மழைமானியை விற்ற நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தை இணைக்கவும் என்று மேலே பச்சை மையில் எழுதியிருந்தது. இல்லாத கம்பெனியிடம் கடிதம் வாங்க முடியாது என்று எழுதினாள். இல்லை என்பதற்கு அந்தக் கம்பெனியிடமே சான்று வாங்கவும் என்று வந்தது. நான்காவது தடவை அந்தக் கோப்பைத் தொட்டாள். கைகழுவிவிட்டு வந்து மறுபடியும் எழுதினாள். இதற்குள் ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழையில்தான் இயக்ககத்துக்கு விருது கிடைத்தது. ஒரு வருடமாக ஒரு சங்குகூட ஊதாமல் மலையை அமைதியாக வைத்திருந்ததற்காக, ‘சரிவிலா ஆண்டு’ விருது. கொடுக்கச் சென்னையிலிருந்து ஓர் உயரதிகாரி வந்தார். அன்று காலை அலுவலகத்தில் பூஜை. ஆயுதங்களுக்குப் பொட்டு வைக்கிற வழக்கப்படி, அலுவலக உதவியாளர் மூக்கையா சர்வரையும் விட்டுவைக்கவில்லை. மாலை போட்டார். பக்கவாட்டில் சந்தனம், குங்குமம். பின்பக்கம் கேபிள்களைப் பிடுங்கி, துளைக்கொரு பொட்டு வைத்து, திரும்பச் செருகினார். பூஜை முடிந்து சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். மலைப்பக்கத்து அட்டைக்கு எதற்கு மாலை என்று சர்வரைக் கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும், நான்கு மானிகள் ஊமையாகி முப்பத்தைந்து நாள் ஆகிவிட்டதென்று.

பதினொன்றரை மணிக்குக் கந்தம்மாள் போன் செய்தாள். பின்னால் மழைச் சத்தம் பேச்சை விழுங்கியது.

“இந்தா புள்ள, பின்செவுத்துல கைவைக்கிற அளவுக்கு வெடிப்பு விட்ருக்கு. மேல இருந்து வர்ற தண்ணி செகப்பா வருது. என்னா செய்ய?”

“அம்மா, கெளம்புங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஏறுங்க.”

“சங்கு ஊதலையே.”

“அது வேல செய்யல. நான் சொல்றேன்ல, ஏறுங்க!”

“நான் வந்துருவேன் புள்ள. மத்தவங்க வரமாட்டாங்க. நீதானே சொன்ன, நீயே போன் பண்ணுனாலும் நம்பக் கூடாது, சங்கு ஊதுனாத்தான்னு. அவங்களும் அதையேதான் சொல்றாங்க. அவங்கள விட்டுட்டு நான் மட்டும் எப்பிடிப் போறது? பக்கத்துக் காம்பராவுல பிள்ளைத்தாச்சி கெடக்கா.”

சுதாராணி போனைத் துண்டிக்காமல் அப்படியே சர்வர் மேசையில் வைத்தாள். எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்த பாடம். ஊரில் உள்ள அத்தனை பேரும் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள், அவள் அலுவலகத்தைத் தவிர.

பீரோவைத் திறந்து அரக்கை உடைத்தாள். அதற்குத் தனியாக ஒரு குற்றச்சாட்டு பின்னால் வந்தது. சர்வருக்குள் நுழைந்து, மலைப்பக்கத்து அட்டைக்கு அந்த இரண்டாவது முகவரியை ஒரே வரியில் திரும்பக் கொடுத்தாள். காத்திருந்தாள். நான்கு மானிகளும் அதே 0.0. பச்சை.

மாஸ்க் தப்போ என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. முகவரியில் ஓர் எண் மாறிவிட்டதோ என்று விரலை வைத்து ஒவ்வொன்றாய்ப் படித்தாள். சரி. மானியைக் கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. பிறகுதான் கவனித்தாள்: நாலு மட்டுமல்ல, பத்து மானிகளுமே காலையிலிருந்து பேசவில்லை. பத்தும் பச்சை. அப்படியானால் கோளாறு முகவரியில் இல்லை. எழுந்து சர்வரின் பின்னால் போய், மாலையை விலக்கிப் பார்த்தாள். மலைக்குப் போகிற மஞ்சள் கேபிள் அலுவலகத்துத் துளையில் இருந்தது. அலுவலகத்து நீலக் கேபிள் மலைத் துளையில் இருந்தது. பொட்டு வைத்தவர் மாற்றிச் செருகிவிட்டார். முகவரியெல்லாம் சரி, மலையிடம் சொல்ல வேண்டியதை அலுவலகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது சர்வர்.

துளைக்குள் போயிருந்த சந்தனத்தைத் துப்பட்டா நுனியால் துடைத்து, கேபிள்களை மாற்றினாள். அரை நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு மூங்கில்பள்ளத்து மானி சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டியது. ஒரே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். திரையில் சிவப்பு. கீழே ஒரு கேள்வி: சங்கு ஊதட்டுமா? இயக்குநரின் ஒப்புதல் தேவை.

விருது விழா நடந்த அரங்குக்கு ஓடினாள். இயக்குநர் மேடையில் விருதைப் பிடித்துக்கொண்டு, உயரதிகாரியோடு படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். சுதாராணி பக்கவாட்டில் ஏறிப்போய்ச் சொன்னாள்.

சிரித்த முகம் மாறாமல், உதடு மட்டும் அசைய, “இப்ப வேண்டாம்” என்றார் ஞானவேல்.

“சார், மூணு நிமிஷ வேலதாங்க சார். நீங்க வந்து ஒரு தடவை அமுக்குனாப் போதும். இருபத்திமூணு பேரு இருக்காங்க சார், எங்க அம்மாவும்.”

“சங்கே ஊதாத வருஷத்துக்குத்தான் இந்த விருதே. வாங்குற அன்னைக்கே ஊதச் சொல்றியா? கூறு இல்ல? போய் உக்காரு. அஞ்சு மணிக்குப் பாப்போம்.”

“அறைச் சாவியாவது குடுங்க சார்.”

அவர் கோட்டுப் பையைத் தட்டிப் பார்த்து, சாவி பத்திரமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, மறுபடியும் படத்துக்குச் சிரித்தார். சுதாராணிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே அருவருப்பாயிருந்தது. ஓர் ஆளின் பல்லைப் பார்த்து இவ்வளவு வெறுப்பு வரும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

திரும்பி ஓடும்போதுதான் அந்த யோசனை வந்தது. சர்வருக்கு ஞானவேலைத் தெரியாது. அதற்கு இருபத்தெட்டு வருட சர்வீஸும் தெரியாது, கோட்டும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றாம் எண். ஒன்றாம் எண்ணிலிருந்து யார் சரி என்றாலும் அது சரி என்று கேட்டுக்கொள்ளும். அப்படித்தானே எழுதச் சொன்னார்கள்?

முதலில் இயக்குநரின் அறைக்குப் போகிற கேபிளைப் பிடுங்கினாள். இல்லாவிட்டால் ஒரே எண்ணுக்கு இரண்டு பேர் குரல் கொடுப்பார்கள். பிறகு சர்வரின் அலுவலகப் பக்கத்து அட்டைக்கு இன்னொரு முகவரியாக, ஒன்றாம் எண்ணைக் கொடுத்தாள். தோட்டக்காரருக்கும் கீழே இருந்த அந்தப் பெட்டி ஒரே நொடியில் இயக்குநராகப் பதவி உயர்ந்தது. அந்த எண்ணில் நின்றுகொண்டு, சரி என்று அமுக்கினாள். அந்த நாற்காலி அந்த வருடத்தில் செய்த முதல் உருப்படியான காரியம் அதுதான்.

மூங்கில்பள்ளத்தில் சங்கு ஊதியது. கந்தம்மாள் போனை வைக்காமல் பிடித்திருந்ததால் இங்கே வரை கேட்டது. காம்பராக் கதவுகள் திறக்கிற சத்தம், யாரோ ஒரு பெண் பிள்ளையின் பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம், ‘அதை விடு, வெரசா வா’ என்கிற சத்தம். பன்னிரண்டே முக்காலுக்கு இருபத்துமூன்று பேரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஒன்று பத்துக்கு மலை இறங்கிவந்து ஏழு காம்பராக்களையும் மூடியது. சுதாராணி சர்வர் அறைத் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அரங்கில் கைதட்டல் கேட்டது. அங்கே நன்றியுரை முடிந்திருந்தது.

மறுநாள் அவளுக்கு மூன்று குற்றச்சாட்டுகள் வந்தன. அரக்கை உடைத்தது. பூஜை செய்த கேபிளை இடம் மாற்றியது. இயக்குநராக ஆள்மாறாட்டம் செய்தது. மூன்றாவதற்குக் கீழே, ‘தகுதியற்ற இயந்திரம் ஒன்றை உயர்பதவியில் அமர்த்தியது’ என்று சிவபாக்கியம் தம் கையால் சேர்த்திருந்தார்.

மழையளவு என்ன ஆயிற்று? அதற்கும் வழி இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர் அனுமதியில்லாத முகவரி வழியாக வந்த மழை. அனுமதியில்லாமல் வந்ததைக் கணக்கில் எடுக்க முடியாது. ஆகவே அது பதிவிலிருந்து நீக்கப்பட்டு, மூங்கில்பள்ளத்தில் அன்று பெய்த மழை 0.0 என்று உறுதி செய்யப்பட்டது. மழை இல்லாத நாளில் மலை இடிந்ததாக ஏழு குடும்பங்கள் மாற்று வீடு கேட்டு மனு கொடுத்திருந்தன. அந்த மனுவை விசாரிக்க மூன்றாம் நாள் இயக்குநரே நேரில் கிளம்பினார்.

ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியை நடந்தார்கள். முன்னால் குடை பிடித்தபடி மூக்கையா, பிறகு ரப்பர் பூட்ஸில் இயக்குநர், பிறகு கோப்போடு சிவபாக்கியம். விளக்கம் கேட்பதற்காகச் சுதாராணியையும் வரச்சொல்லியிருந்தார்கள். லயம் இருந்த இடத்தில் செம்மண் ஒரு திட்டாக இறுகிக் கிடந்தது. மேலே வேரோடு பெயர்ந்த இரண்டு காப்பிச் செடிகள். பள்ளிக்கூடத்திலிருந்து இறங்கி வந்த ஜனங்கள் ஓரமாக நின்றார்கள். பிள்ளைத்தாச்சிப் பெண் வயிற்றைப் பிடித்தபடி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

இயக்குநர் திட்டின் மேல் ஏறி நின்றார். எல்லாருக்கும் தெரிகிற உயரம். 

“பயப்படாதீங்க” என்றார். “நான் ஆவணங்களைப் பாத்துட்டேன். அன்னைக்கு இங்க மழையே பெய்யல. மழை பெய்யாம மலை இடியாது, அது விஞ்ஞானம். வீடு பராமரிப்பு இல்லாம பழுதாகியிருக்கலாம். அது தோட்டத்துக்காரர் பாக்க வேண்டியது. நீங்கள்ளாம் பள்ளிக்கூடத்தைக் காலி பண்ணிட்டு, அவங்கவங்க வீட்டுக்குத் திரும்பலாம். இந்த இயக்ககம் இருக்கிற வரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

சுதாராணி காறி, மண்ணில் துப்பினாள். அதைச் சிவபாக்கியம் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

கந்தம்மாள்தான் முன்னால் வந்தாள். குரலில் கோபம்கூட இல்லை. “ஐயா, வீட்டுக்குப் போகச் சொல்றீங்க, சரி. நீங்க நிக்கிறது எங்க காம்பராக் கூரை மேலங்க. அப்பிடித் தள்ளி நில்லுங்க. உங்க காலுக்கு நேர் கீழதான் எங்க வீட்டுக்காரரு படம் தொங்குது.”

இயக்குநர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். வலது குதிகாலால் மண்ணை ஒரு தடவை அழுத்தினார். திருப்தியில்லாமல் இன்னொரு தடவை ஓங்கி மிதித்துப் பார்த்தார். பிறகு சிவபாக்கியத்தின் பக்கம் திரும்பினார்.

“எழுதிக்கோங்க. இயக்குநர் நேரில் நின்று, தாமே மிதித்துச் சோதித்தார். தரை உறுதியாக உள்ளது.”